எந்த மைக் வாங்குவது என்று நீ அப்பாவைக் கேட்டாய்

கண்ணு,

நீ அப்பாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதம் சனிக்கிழமை வந்தது. அவர் செஞ்சி பக்கம் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டப் போயிருந்தார். பிரித்துப் படித்தது நான்தான். கல்யாணமானதிலிருந்து விழுப்புரத்தில் நீயும் செல்வியும் குடியிருக்கும் வீட்டின் முன்னறையை ரெக்கார்டிங் அறையாக மாற்றப்போவதாகவும், வரும் வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போய் மைக் வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, பம்பைக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று என்று நான்கு மைக்குகளை வரிசையாக எழுதிவிட்டு, 'இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும், எல்லாவற்றுக்கும் உதவுகிற ஒன்றைச் சொல்லுங்கள் அப்பா' என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில் 'அம்மாவுக்கு வணக்கம் சொல்லவும்' என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் இந்தத் திண்டிவனம் வீட்டில் நாம் வைத்திருந்த ரெக்கார்டிங் அறையில் உட்கார்ந்து டேப்பை ஓட்டியவள் நான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தென்னை மரத்தில் கட்டி ஊர் முழுக்கக் கேட்க வைக்கிற குழாய் ஒலிபெருக்கி. ஆனாலும் நீ அவரைத்தான் கேட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அவர் வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இன்னாத்துக்கு எங்கிட்ட கேக்கறான்? ரெக்கார்டிங்கு உன் வேல. நீயே எழுதிப் போடு" என்றார். "எங்கிட்ட கேக்கலீங்களே" என்றேன். "கேக்காட்டி இன்னா? தெரிஞ்சவங்கதான் சொல்லணும். வெள்ளிக்கெழம கெளம்பிப் பூடுவான். ஜல்தியா எழுது." நேற்று இரண்டு தடவை எழுத உட்கார்ந்து இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்கிறேன், மடித்த துணியைப் பிரித்து மடிக்கிறேன், வாசலுக்குப் போய் ஒன்றுமில்லாமல் திரும்பி வருகிறேன். மைக்கைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் மைக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் அந்த அறையை நான் ஏன் மூடினேன் என்பதையும் எழுதாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. தபால்காரர் பெட்டியைத் திறக்க வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஒன்றுதான் என்றால் டைனமிக் மைக் வாங்கு. பேட்டரி கேட்காதது, கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்துப் பேசலாம். அதிலும் முன்பக்கம் மட்டும் கேட்டு, பின்பக்கத்தைத் தள்ளிவிடுகிற வகையாகப் பார். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதே. மாட்டிக் காட்டச் சொல்லி முன்னால் நின்று பேசு. பேச்சை நிறுத்தாமல் அப்படியே அதன் முதுகுப் பக்கம் நடந்து போ. உன் குரல் சட்டென்று விழுந்தால் அதை எடுத்துக்கொள். உங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மதில் சுவரும் ஒரு முருங்கை மரமும்தான் இருக்கின்றன. ஜங்ஷனில் எஞ்சின் மாற்றுகிற சத்தத்தில் நான் வந்த அன்று செல்வி என்ன கேட்டாள் என்றே காதில் விழவில்லை. மைக்கின் முதுகை ரயில் பக்கம் திருப்பி வை. பேசுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல். தொண்டையைத் திறந்து பாடுகிறவருக்கு ஒரு சாண். நாதஸ்வரமும் பம்பையும் என்றால் ஒரு முழத்துக்கு மேல் தள்ளி, கொஞ்சம் சாய்த்து. நீ எழுதியிருந்த நான்கு மைக்கும் இந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. தள்ளி வைப்பதிலும் சாய்ப்பதிலும்தான் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் இரண்டாவது மைக் வாங்காதே. ஆடாத ஸ்டாண்டு ஒன்று, நல்ல வயர், மைக்குக்கு மாட்டுகிற பஞ்சு உறை. சுவருக்கு நம் வீட்டுப் பழைய மெத்தைகள் இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நாம் அறையைத் தொடங்கியபோது நம்மிடம் இருந்ததும் டைனமிக் மைக் ஒன்றுதான். மயிலம் மலைக்குக் காவடி எடுக்கிறவர்கள் ஒரு குழுவாக வந்து பாடினார்கள், கூத்துக்காரர்கள் வந்தார்கள், வட்டிக் கடை விளம்பரத்துக்கும் சர்க்கஸ் விளம்பரத்துக்கும் பேச ஆட்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் அந்த ஒன்றே தாங்கியது. பிறகு நான் முனகலைக்கூடப் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கினேன் அல்லவா, அடுத்த வருஷம் காவடிக் குழு வந்தபோது பெருமையோடு அதை எடுத்து வைத்தேன். பம்பைக்காரர் நாலு அடி அடித்தார். போட்டுக் கேட்டோம். "இன்னாம்மா இது, எம் பம்ப தகரம் தட்டறா மாரி கீது?" என்று அவர் முகம் சுருங்கிப் போனது. அந்த மைக்கால் அவ்வளவு சத்தத்தைத் தாங்க முடியவில்லை, உடைந்து உடைந்து பதிந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய மைக்கைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போனார். அவர் எதுவும் சொல்லாதது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

ஆனால் அந்தக் கண்டென்சர் மைக்கை நான் வெறும் ஆசைக்காக வாங்கவில்லை, கண்ணு. ஆண்கள் நம் அறைக்குப் பாட வந்தார்கள். பெண்கள் பேச வந்தார்கள். சவுதி, துபாய், குவைத் என்று போயிருந்த கணவன்மாருக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அவர்கள் வீட்டிலேயே டேப் ரிக்கார்டர் இருக்கும், அந்தக் கணவனே வாங்கி அனுப்பியதாக இருக்கும். ஆனால் அதை நடுக்கூடத்தில் வைத்து மாமனார், மாமியார், கொழுந்தன், பக்கத்து வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். மருமகள் முறை வரும்போது 'நல்லா இருக்கேன், உடம்பப் பாத்துக்குங்க' என்பதோடு தீர்ந்துவிடும். நம் வீட்டில் ஓர் அறை இருந்தது, அதற்கு ஒரு கதவு இருந்தது, டேப்பை ஓட்டுகிறவள் பெண்ணாக இருந்தாள். வந்த ஒவ்வொருவரிடமும் நான் ஒன்று சொல்வேன்: "நான் ஓட வுட்டுட்டு வெளிய பூடுவேன். சுத்திவுட்டுக் கேக்க மாட்டேன். நீ பேசினத நீயே மூடி எடுத்துக்கினு போலாம்." கடைசி வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு மைக்கின் பக்கத்தில் வாயைக் கொண்டுபோகக் கூச்சம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். டைனமிக் மைக்கில் பாதி விழாது. சத்தத்தை ஏற்றினால் இரைச்சல் ஏறும். 'நீ பேசியது கேட்கவே இல்லை' என்று அங்கிருந்து பதில் வரும். அதனால்தான் மைக்கிலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து முனகினாலும் எடுக்கிற ஒன்றை வாங்கினேன். உள்ளே சின்ன பேட்டரி போட்டால் போதும். பேசுகிறவர் எச்சில் விழுங்குவதுகூட விழும். வாங்கும்போதே அப்பா சொன்னார்: "வோணாம். அது எல்லாத்தையும் இழுத்துக்கினு வரும். கிட்ட வந்து பேசறத மட்டும் கேட்டாப் போதும் நமக்கு." ரேடியோ மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிடிவாதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. திண்டிவனத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு மைக் இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி மெகருன். கோட்டக்குப்பத்தில் பிறந்து நம் ஊருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் கணவன் சலீம் சவுதிக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவாள். முதலில் மாமனார் துணைக்கு வருவார், தையல் கடை வைத்திருந்தவர், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், எப்போதும் யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். அவர் திடீரென்று மார் வலித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் மெகருன் வரவில்லை. வந்தபோது சலீமின் அக்கா துணைக்கு வந்தார். மெகருனின் முகம் வீங்கியிருந்தது. துக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே உட்கார வைத்து, டேப்பை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

சலீமின் அக்காவுக்கு மோர் கொடுத்தேன். அந்தக் கதவுக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு, என் வாயால், நான் கேட்டேன்: "பெரியவர் போய் எத்தினி நாளாச்சும்மா?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அத்தா மவுத்தாகி நாப்பதாம் நாள் பாத்திஹா போன வாரந்தான் முடிஞ்சுதுக்கா. தம்பிக்கு மட்டும் இன்னும் சொல்லல. அங்க பாஸ்போர்ட்டு மொதலாளி கையில கீது, அவனால வரவும் முடியாது. ஒண்டியா உக்காந்து அழுவான். லீவுல வரட்டும், நேர்ல சொல்லிக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அத்தாவுக்குத் தொண்டக் கட்டு, பேச முடியலன்னு மெகருன சொல்லச் சொல்லியிருக்கோம்." ஐயோ பாவம் என்றேன். உள்ளே டேப் ஓடிக்கொண்டிருந்தது. புது மைக் உள்ளே இருந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் மனசில் வரவில்லை. மெகருன் வெளியே வந்தாள், கேசட்டைத் தானே எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள், இருவரும் போனார்கள். நான் சுற்றிக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னவள் அல்லவா.

இரண்டு மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது, வெளிநாட்டுத் தபால்தலையோடு. நம் அறையின் முகவரியைக் கேசட் பெட்டி மேல் ஒட்டித்தானே கொடுப்போம், அதைப் பார்த்து எழுதியிருந்தார். அப்பா வேலைக்குப் போன பிறகு போட்டுக் கேட்டேன். "அக்கா, நான் மெகருனோட வீட்டுக்காரன் சலீம் பேசறேன்" என்று தொடங்கியது. நிதானமான குரல். "அவ பேசறப்ப பின்னால ரெண்டு பேரு பேசறது கேக்குது. ஒண்ணு எங்க அக்கா. இன்னொண்ணு நீங்கதான்னு நெனைக்கிறேன். ரூம்ல ஆறு பேரு இருந்தாங்க, எல்லாருக்கும் நடுவுல கேட்டேன். மொதல்ல வேற யார் வீட்டுப் பேச்சோன்னு நெனச்சேன்." பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். ஏதோ விசிறி சுற்றுகிற சத்தம். "உங்க மேல கோவம் இல்லக்கா. யாருமே சொல்லல, நீங்களாச்சும் சொன்னீங்க. ஆனா எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். மெகருனுக்கும் வேணாம். பொய் சொல்றப்ப அவ குரல் நடுங்குது. அந்தப் பொய்யும் எனக்குத் தெரியும்னா அவ தாங்க மாட்டா. இன்னொண்ணு கேக்கணும். எங்க அத்தா பேசின கேசட்டு மேலயே நான் பதில் பேசி அனுப்பிட்டேன். எல்லாமே அழிஞ்சு போச்சு. உங்ககிட்ட அவர் குரல் எதுலயாச்சும் இருக்குமா?"

அன்று நான் சமைக்கவில்லை. அப்பா வந்து கேட்டதற்குத் தலைவலி என்றேன். அவரிடமும் சொல்லவில்லை, 'வோணாம்னு சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்ப்பார் என்ற பயம். மறுநாளிலிருந்து அறையில் இருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். பெரும்பாலும் அழித்து அழித்துப் பதிந்தவை. நான்காவது நாள், 'டெஸ்ட்' என்று பென்சிலில் எழுதியிருந்த ஒன்று. புது மைக் வந்த அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட, வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரையே கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன், அதை அடியோடு மறந்திருந்தேன். முதலில் பழைய மைக்கில், வாய்க்குப் பக்கத்தில்: "ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமாம்மா?" பிறகு புது மைக்கில். அதில் அவர் நாற்காலி கிறீச்சிடுகிறது, மூச்சு வாங்குகிறது, தெருவில் வேர்க்கடலைக்காரர் மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவுகிறார், மெகருன் எங்கோ சிரிக்கிறாள். "ரெண்டும் ஒரே மாரிதான் கேக்குது. எனக்குக் காது போச்சா, உனக்கு மைக்கு போச்சா? சலீமு கேட்டா சிரிப்பான்." இருமுகிறார். "பஸ்ஸு பூடப் போவுது, வா மெகருன்." அவ்வளவுதான், ஒன்றரை நிமிஷம் இருக்கும். அதை ஒரு புதுக் கேசட்டில் ஏற்றி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மெகருன் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் அவள் உள்ளே போவாள், நான் கதவைச் சாத்துவேன். மாமனாருக்குத் தொண்டை சரியாகவில்லை என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கப்போகிறவருக்கு எல்லாம் தெரியும் என்றும் தெரியும். அவள் வெளியே வந்து "வர்றேன்க்கா" என்பாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் ஆகவில்லை. நடுநடுவே மற்ற பெண்கள். ஒவ்வொருத்தி வரும்போதும் வாசலைப் பார்ப்பேன், யாராவது பேசுகிறார்களா என்று. தெருவில் நாய் குரைத்தால் ஓடிப்போய் விரட்டுவேன். பழைய மைக்கையே திரும்ப மாட்டினேன். அப்போதும் நிம்மதி வரவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சுவர் மெத்தைகளைக் கழற்றினேன். அந்த வாரமே இரண்டு மைக்குகளையும் டேப்பையும் விற்றுவிடச் சொன்னேன். அப்பா ஏன் என்று இரண்டு முறை கேட்டார். "முடியலீங்க" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது நீ விழுப்புரத்தில் விடுதியில் தங்கி ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தாய். படிப்பு முடிந்ததும் வந்து அந்த அறையை நீ எடுத்து நடத்துவது என்று நாம் மூன்று பேரும் பேசி வைத்திருந்ததுதான். கடைசித் தேர்வு எழுதிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாய். வாசலில் மாட்ட நீயே கலர் கலராக எழுதிய பெயர்ப் பலகை ஒன்றைப் பஸ் மேலே போட்டு எடுத்து வந்திருந்தாய். உள்ளே நுழைந்தால் அறை வெறும் அறையாக இருந்தது, கேப்பை மூட்டை அடுக்கியிருந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாய். "அந்தப் பொழப்பு நமக்கு வோணாம்" என்றேன். வேறு காரணம் சொல்லவில்லை. நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாப்பிடாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு உன் கல்யாணத்தில்கூட நீ என்னிடம் பேசியதெல்லாம் இலை போடுவதையும் வண்டி வருவதையும் பற்றித்தான். உனக்குப் பயந்துகொண்டு இத்தனை நாள் சொல்லவில்லை என்று நினைக்காதே. சலீம் கேட்டுக்கொண்டதற்காக மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. என் குரல்தான் அந்தக் கேசட்டில் இருந்தது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இது இத்தோடு முடிந்திருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். உன் கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் சலீம் லீவில் வந்தார். வந்து ஒரு வாரம் கழித்து மெகருன் மட்டும் நம் வீட்டுக்கு வந்தாள். பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்து அவரிடம் சொன்னார்களாம். அவர் அப்போதுதான் கேட்பதுபோல ஒன்றும் நடிக்கவில்லையாம். அம்மா மடியில் தலையை வைத்து உண்மையாகவே அழுதாராம், அதுவரை அழ இடம் கிடைக்காததெல்லாம் சேர்த்து. பிறகு நான் அனுப்பிய கேசட்டை எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். 'ஒரு மைக்குல அத்தா என் காதுல பேசறாரு, இன்னொண்ணுல வூட்ல உக்காந்துனு கீறாரு' என்றாராம். "உனக்குத் தெரியாம மறச்சிட்டேன் மெகருன், என்ன மன்னிச்சிடு" என்றேன்.

அவள் சிரித்தாள், கண்ணு. "அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. அடுத்த கேசட்லயே புரிஞ்சுது. அத்தாவுக்குத் தொண்ட சரியாச்சான்னு கேக்கறாரு, எந்த டாக்டரு, இன்னா மருந்துன்னு ஒரு வார்த்த கேக்கல. அவரு அப்படி வுடற ஆளா? சரி, மாமி மனசுக்காக ரெண்டு பேரும் சொல்லிக்கினே இருப்போம்னு நானும் சொல்லிக்கினு இருந்தேன்." பிறகு அவள் சிரிப்பு போய்விட்டது. "அந்த ரூம்ல உக்காந்து நான் பொய் சொன்னது ரெண்டு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் நெஜந்தானேக்கா பேசினேன்? எனக்குப் பயமா கீதுன்னு சொன்னேன், மாசமா இருந்து கலஞ்சு போனத சொன்னேன், அவர் மேல கோவம்னு சொன்னேன். அதையும் சேத்து மூடிட்டீங்களே. அதுக்கப்பறம் பத்து மாசம் நடுக்கூடத்துல உக்காந்து நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

நான் அவள் கேசட்டைக் கேட்டதே இல்லை. கேட்காமலே, அது முழுக்கப் பொய் என்று முடிவு கட்டியிருந்தேன். என் ஒரு வாக்கியத்தின் பாரத்தைத் தாங்க முடியாமல், இருபது முப்பது பெண்களுக்கு இருந்த ஒரே கதவைச் சாத்தியிருக்கிறேன். உன்னுடையதையும். மைக் தப்பாக வாங்கியது சின்னத் தப்பு, அதை வேறு மைக் வாங்கிச் சரிசெய்துவிடலாம். மெகருன் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா கேலி செய்கிறார், கால்ல சக்கரமா என்று. நான்கு நாள் முன்பு அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை. "இதுக்காடி இத்தினி நாளு?" என்றுதான் கேட்டார்.

ஆகவே நான் சொல்வது இது. வெள்ளிக்கிழமை டைனமிக் மைக்கையே வாங்கு. ஆனால் கண்டென்சர் மைக் கெட்டது என்று நினைத்துவிடாதே. தொழில் நின்று நடந்த பிறகு அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அதையும் வாங்கு, மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு அது வேண்டும். அதற்கு முன்னால் கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கை அடை. டேப் ஓடும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது, செல்வியிடமும் சொல். ஒவ்வொருவரையும் முதலில் அரை நிமிஷம் பேச வைத்து, போட்டுக் காட்டி, பின்னால் என்ன விழுகிறது என்று அவர்களே கேட்டுக்கொண்ட பிறகு மிச்சத்தைப் பேசட்டும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இன்னொன்று. பாட்டுக்காரர்கள் உன்னிடம் வந்துவிடுவார்கள். பெண்கள் வர மாட்டார்கள். செல்வி காலையில் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். பகலில் அந்த அறையில் நீ ஒருவன் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்ணும் படியேறி வந்து தன் கணவனிடம் பேச மாட்டாள். விழுப்புரத்தில் அப்படிப் பேச வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதற்கு ஓர் ஆள் வேண்டும் உனக்கு. எனக்கு டேப் ஓட்டத் தெரியும், வயர் பற்ற வைக்கத் தெரியும், டேப்பின் ஹெட்டைத் துடைக்கத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் நான் வருகிறேன். அம்மாவாக வந்து உன் சமையலறையில் நிற்க இல்லை, வேலைக்கு. உன் அறையில் நீ சொல்கிறபடி.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். மறுநாள் மெட்ராஸுக்கும் உன்னோடு வருகிறேன், கடையில் நான் மைக்குக்குப் பின்னால் நின்று பேசுகிறேன், நீ முன்னால் இருந்து கேள். இந்தக் கடிதம் நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நான் வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் புதன்கிழமைக்குள் ஒரு தந்தி கொடு, வேண்டாம் என்று ஒரு சொல் போதும், நான் வருத்தப்படுவேன், ஆனால் புரிந்துகொள்வேன். வரலாம் என்றால் நீ பதில் எழுத வேண்டியதில்லை. தந்திக்காரர் சைக்கிள் நம் தெருவுக்குள் வராவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

அம்மா